மூன்றாவது ஜாடி

ஆனையூர், மதுரை
12-7-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

இங்கே நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் மாத்திரை அட்டை தபாலில் வந்து சேரும். ஆகையால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? வார்டனம்மாவால் கரண்டியைத் தூக்க முடிகிறதா, இல்லை விடுதிப் பிள்ளைகளிடம் குரலை மட்டும்தான் தூக்குகிறாயா?

ஒரு முக்கியமான செய்தி. நம் மோரிஸ் மைனரைத் திரும்ப ஓட வைக்கப் போகிறேன். பதினான்கு மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதற்குள் ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகளும் வளர்ந்து போய்விட்டன. டிசம்பர் லீவுக்கு நீ வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு அதில் வந்துதான் உன்னைக் கூட்டிப் போவேன். ‘இந்த வண்டியிலும் ஏறமாட்டேன், இந்த வீட்டிலும் இருக்கமாட்டேன்’ என்று நீ சொல்லிவிட்டுப் போனது மறக்கவில்லை. முதல் பாதியைச் சரிசெய்துவிட்டால் இரண்டாம் பாதி தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டிக்கு எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது என்று இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் சென்னையில் பிரேக் ஆயில் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கே எழுதிக் கேட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழில் தருகிறேன். தப்பிருந்தால் சொல்.

‘ஐயா, என்னிடம் இருப்பது 1951-ஆம் வருடத்து மோரிஸ் மைனர். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு மிஷன் பாதிரியாரிடம் வாங்கியது. சென்ற ஆண்டு மே மாதம் போடியிலிருந்து மதுரை திரும்பும்போது, ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் பிரேக் அடியோடு விட்டுப்போயிற்று. மிதித்தால் பெடல் தரையில் போய் முட்டியது. முன்னால் போன மாட்டு வண்டியில் மோதினோம். ஒரு மாட்டுக்குக் கால் போயிற்று. என் மனைவிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் எங்கள் ஊர் மெக்கானிக் முத்திருளன் பிரேக் வேலை பார்த்திருந்தார். இந்த வண்டிக்கு உரிய பிரேக் ஆயில் எது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.’

எப்படி இருக்கிறது? பதில் வந்ததும் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு மெஸ்ஸில். மற்ற வேளைக்கு நானே சோறு வடிக்கிறேன், சில நாள் அது சோறாகவும் இருக்கிறது. நீ இருந்தபோது நம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் இவ்வளவு சத்தம் போட்டதாக ஞாபகமில்லை.

உன்
ஞானப்பிரகாசம்


சேசு மரி சூசை

பாளையங்கோட்டை
20-7-1982

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மழை மேகம் போட்டால் மணிக்கட்டு வலிக்கிறது. இந்த ஊரில் மேகமே போடாததால் சௌக்கியமாக இருக்கிறேன். விடுதியில் இந்த வருடம் எழுபத்திரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே நாளில்தான் தலைவலி வருகிறது, கணக்குப் பரீட்சை அன்றைக்கு.

சோற்றைக் குழையவிடாமல் வடிக்க வேண்டுமானால், உலை நன்றாகக் கொதித்த பிறகு அரிசியைப் போடுங்கள். இருபத்தாறு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இதை எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதிய கடிதம் நன்றாக இருக்கிறது. தப்பிருந்தால் சொல்லச் சொன்னீர்கள். எழுதியதில் தப்பில்லை. முத்திருளன் வேலை பார்த்தான், ஒரு வாரம் கழித்து பிரேக் விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஏழு நாள் இருந்ததே, அதைக் கம்பெனிக்காரர்கள் கேட்கமாட்டார்களா?

முத்திருளன் எப்படி இருக்கிறான்? அவன் பெண்சாதி இருளாயிக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

வெயிலில் குடை இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள்
பாக்கியம்


ஆனையூர்
9-8-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உலை கொதித்த பிறகு அரிசி போட்டேன். இப்போது சோறு விறைப்பாக நிற்கிறது. எப்போது இறக்குவது என்று நீ எழுதவில்லையே.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. டைப் அடித்து இரண்டு பக்கம். மரியாதை தெரிந்த மனிதர்கள். சாரத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. பிரேக்கை மிதித்தால் பைப்பில் இருக்கும் ஆயில்தான் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த ஆயில் வெளியே கசியாமல் தடுப்பது கிண்ணம் போன்ற சின்னச் சின்ன ரப்பர்கள். நம் வண்டி பிறந்த காலத்தில் அவை மரத்துப் பால் ரப்பர். அதற்கு ஒத்துப்போவது விளக்கெண்ணெய் கலந்து செய்த பிரேக் ஆயில். ஆமாம், நீ சனிக்கிழமை தோறும் எனக்குக் குடிக்கக் கொடுக்கப் பார்த்த அதே விளக்கெண்ணெய்தான். வண்டி மட்டும் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறது. இப்போது கடையில் வருவது கிளைக்கால் என்ற ரசாயனத்தில் செய்தது. அதுவும் நல்லதுதானாம், ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. இதுபோக வெளிநாட்டில் சிலிகான் என்று ஊதா நிறத்தில் ஒன்று வந்திருக்கிறதாம், அது நமக்கு வேண்டாம்.

இதைப் பள்ளிக்கூட லேபில் நானே சோதித்துப் பார்க்கப் போகிறேன். கடையில் கிடைத்த பழைய ரக ரப்பர் கிண்ணம் மூன்று எடுத்து, மூன்று கண்ணாடி ஜாடியில், மூன்று ஆயிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஊறட்டும். ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டும்போது இளமை திரும்பியது போல் இருந்தது.

முத்திருளன் ஷெட்டை எப்போதோ மூடிவிட்டான். அந்த இடத்தில் இப்போது நோட்டுப் புத்தகக் கடை. அவன் கப்பலூரில் ஒரு போல்ட் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்வி. குடும்பமும் அங்கேயே போய்விட்டதாம். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

உன்
ஞானப்பிரகாசம்


பாளையங்கோட்டை
16-8-1982

அன்புள்ள அத்தானுக்கு,

அவசரத்தில் கார்டு எழுதுகிறேன். நேற்று மாதா திருநாள், பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டி முடிப்பதற்குள் இடுப்பு போயிற்று. ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாவிட்டால் இறக்கலாம்.

ஒரு ஜாடியில் விளக்கெண்ணெய் ஆயில், இன்னொன்றில் கடை ஆயில். சிலிகான் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். மூன்றாவது ஜாடியில் என்ன?

பாக்கியம்


ஆனையூர்
3-9-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

சோற்றில் வெள்ளைப் புள்ளி தேடுவதற்கு மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது பரவாயில்லை.

ஜாடிகளை நேற்று திறந்தேன். விளக்கெண்ணெய் ஆயிலில் கிடந்த ரப்பர் போட்டது போட்டபடி இருக்கிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், துளி மாற்றமில்லை. கடை ஆயிலில் கிடந்தது கொஞ்சம் மிருதுவாகியிருக்கிறது, அளவில் மாற்றமில்லை. ஆகவே ரப்பர்களைப் புதிதாக மாற்றிவிட்டு கடை ஆயிலையே ஊற்றலாம் என்ற முடிவுக்கு வருகிறேன். சோதனைக்கென்று கம்பெனி அனுப்பிய சின்ன பாட்டில் தவிர, விளக்கெண்ணெய் ஆயில் இப்போது மதுரையில் எங்கும் கிடைப்பதில்லை, கீழவெளி வீதிக் கடைகளில் எல்லாம் கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தனியாகத்தான் போகிறேன். ‘வாத்தியாரம்மா எப்ப வருவாங்க’ என்று கேட்காதவர்கள் கிடையாது. வேலை அதிகம் என்கிறேன். ஒருநாள் பாதர் கேட்டபோதும் அதையே சொன்னேன், அதன் பிறகு அந்தப் பொய்யோடு நற்கருணை வாங்கப் போகவில்லை. இதை உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் கதவைத் திறக்கிறேன் பார், அந்த நேரம்தான் எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் செருப்பைச் சத்தமாகக் கழற்றுகிறேன்.

நீ வந்துவிடு, பாக்கியம். பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ஞானப்பிரகாசம்


பாளையங்கோட்டை
15-9-1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். செருப்பைப் பற்றி எழுதிய இடத்தில் அழுதேன், மறைப்பானேன். எனக்கும் இங்கே எழுபத்திரண்டு பேர் நடுவில் பேச ஆளில்லை. ஒரு தமாஷ் நடந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்துவிடுகிறது.

ஆனாலும் கேட்கிறேன். மூன்று ஜாடி வைத்தீர்கள், இரண்டைப் பற்றித்தான் எழுதினீர்கள். மூன்றாவதை நான் கார்டு போட்டுக் கேட்ட பிறகும் எழுதவில்லை. நீங்கள் ஒரு சோதனையை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. பையன்கள் நோட்டில் ஒரு வரி விட்டுப்போனாலே முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்கிறவர்.

நான் வீட்டை விட்டு வந்தது வண்டிக்குப் பயந்து இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் இல்லாமல் வண்டி மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன். எந்த ஆயிலை ஊற்றினாலும் அதற்காக நான் வரமாட்டேன். மூன்றாவது ஜாடியை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் சோற்றைப் பற்றியும் எழுத வேண்டாம்.

பாக்கியம்


ஆனையூர்
20-10-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

ஒரு மாதமாக ஆறு தாளைக் கிழித்துவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டது, மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொள்.

ஞானப்பிரகாசம்


ஆனையூர்
18-11-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

மூன்றாவது ஜாடியில் தையல் மெஷின் எண்ணெய். உன் மெஷின் டிராயரில் கிடக்குமே, அதே சின்ன பாட்டில்.

அந்த மே மாதம், நாம் போடிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வியாழன். பெடல் கொஞ்சம் இறங்குவது போல் இருந்தது. முத்திருளனிடம் கொண்டுபோயிருந்தால் பத்து நிமிட வேலை. நீ மாதா வணக்க மாதத்து ஜெபமாலைக்குக் கோவிலுக்குப் போயிருந்தாய். வீட்டில் பிரேக் ஆயில் இல்லை. ஆனால் நான் யார்? முப்பது வருடமாகப் பாஸ்கல் விதியை போர்டில் எழுதிப் போடுகிறவன். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். எந்தத் திரவம் என்று பாஸ்கல் சொல்லவில்லை. மெஷின் எண்ணெயும் திரவம்தானே என்று, டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கி, தரையில் இருக்கும் மூடியைத் திருகி, உன் பாட்டிலில் இருந்ததை ஊற்றினேன். பெடல் உடனே மேலே வந்துவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது ஜாடியில் ரப்பர் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி இரண்டு மடங்காகிவிட்டது. விரலால் அழுத்தினால் பிய்கிறது. கம்பெனிக்காரர்கள் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்கள், உனக்கு எழுதாமல் விட்டேன். மெஷின் எண்ணெய் போல மண்ணிலிருந்து எடுக்கிற எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாதாம். ரப்பர் வீங்கினால் மிதித்த பிரேக் திரும்ப விடாது. சக்கரம் உரசிச் சூடேறி ஆயில் கொதித்து, கடைசியில் பெடல் தரைக்குப் போய்விடும். கணவாயில் நடந்தது அப்படியே எழுதியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மாதிரி.

இனி நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடி நின்றது, செய்தி கேட்டு நம் ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். மாட்டுக்காரர் மொக்கையன் அழுதுகொண்டிருந்தார். என்ன ஆயிற்று வாத்தியாரய்யா என்று கேட்டார்கள். ‘போன வாரம்தான் முத்திருளன் பிரேக் பார்த்தான்’ என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். மீதியை ஊர் நிரப்பிக்கொண்டது. மூன்று மாதத்தில் அவனிடம் வண்டி விட ஆளில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது பாக்கியம். இதை எழுதுவதற்கு இத்தனை மாதம் ஆனது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

ஞானப்பிரகாசம்


பாளையங்கோட்டை
24-11-1982

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதினீர்களே, அது போதும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் ஷெட்டை இழந்தது நான் இல்லை. இதை முத்திருளனிடம் சொன்னீர்களா?

பாக்கியம்


ஆனையூர்
6-12-1982

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நேற்று பூசை முடிந்ததும் கப்பலூர் போனேன். கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடித்ததும், “தெரியும் சார்” என்றான்.

வண்டியை இழுத்து வந்து நம் வாசலில் விட்ட மறுநாள், நான் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தபோது, அவனாகவே வந்து திறந்து பார்த்திருக்கிறான். “எங்கெ தப்பு விட்டோம்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை சார். தொறந்தா ரப்பரு அம்புட்டும் ஊதிப்போயிக் கெடக்கு. மோந்து பாத்தேன், மிசின் எண்ணெ. நான் ஊத்தலை. அப்ப யாரு ஊத்தியிருப்பா?”

“அப்போதே சொல்லியிருக்கலாமே முத்திருளா” என்றேன்.

“வாத்தியாரு சொல்லும் மெக்கானிக்கு சொல்லும் ஒண்ணா? நான் சொல்லியிருந்தா, செஞ்சதையும் செஞ்சுட்டு வாத்தியார் மேல பழி போடுறான்னுருப்பாக. நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். இன்னைக்கிச் சொல்லுவாரு, நாளைக்கிச் சொல்லுவாருன்னு பாத்தேன். பெறகு வாடகை கட்ட முடியலை, ஷெட்டை ஒழிச்சுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தான். திரும்ப ஷெட் போட்டுக்கொள், நானே வந்து எல்லாரிடமும் சொல்கிறேன், நம் வண்டியையும் நீயே பார் என்றேன். தலையை ஆட்டிவிட்டான். “வேணாம் சார். இப்ப நட்டு முடுக்குற பானாவைக் கையில எடுத்தாலே ஒரு பயம் வருது. நம்ம கை சரியான கையிதானான்னு எனக்கே தோணிப்போச்சு.” இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். இருளாயி உள்ளே குவார்ட்டர்ஸில் இருந்தாள், வெளியே வரவில்லை.

கிளம்பும்போது, எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது. “ரப்பரு பூராத்தையும் மாத்திருங்க, பைப்பை ஸ்பிரிட்டு விட்டுக் கழுவுங்க, கடையில விக்கிற சாதா ஆயிலையே ஊத்துங்க. ஒரே ரகமா இருந்தாப் போதும். அம்புட்டுதான் சார்” என்றான். ஐந்து மாதம் நான் தேடியதை பஸ் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

திரும்பி வந்ததும் ஆனையூர் டீக்கடையில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது, முத்திருளன் மேல் ஒன்றும் இல்லை, மெஷின் எண்ணெய் ஊற்றியது நான் என்று. என்ன நடந்தது தெரியுமா? “சாருக்கு எம்புட்டு பெரிய மனசு, பாவம் அந்தப் பயலுக்காக பழியைத் தன் மேல போட்டுக்கிறாரு” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மறுக்க மறுக்க என் மனசு பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. அங்கிருந்து வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிட்டேன், பாக்கியம். ஒன்றும் சரியாகவில்லை. நீயாவது வருவாயா?

உன்
ஞானப்பிரகாசம்


சேசு மரி சூசை

பாளையங்கோட்டை
14-12-1982

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதி காலியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போட எனக்கு இனிச் சாக்கு இல்லை.

இத்தனை மாதம் நான் உங்களை வாத்தியார் மாதிரிக் கேள்வி கேட்டேன். என்னைக் கேட்க ஆளில்லாததால் கேட்டேன். அந்த வியாழக்கிழமை நான் பாதி வழியில் திரும்பி வந்தேன், முக்காடு போடுகிற துணியை மறந்துவிட்டு. நீங்கள் வண்டிக்குள் குனிந்திருந்தீர்கள். கையில் என் எண்ணெய் பாட்டில். எதையாவது நோண்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கணவாயில் பெடல் தரையில் முட்டியபோதே எனக்கு அந்த பாட்டில் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது இருளாயி என்னைப் பார்க்க வந்தாள். நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். ஒரு ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் கொண்டு வந்திருந்தாள். என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, ஊரெல்லாம் அந்த மனுசன் வேலையிலதான் கோளாறுங்கிறாக. நீங்க அந்த வண்டியிலயே வந்தவுக. உங்களுக்குத் தெரியும்ல, நீங்க சொன்னா நான் நம்புவேன்” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, “எனக்கு என்ன தெரியும் இருளாயி” என்றேன். அவள் சாத்துக்குடியைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இளைப்புக்காரி தன் புருஷனைச் சந்தேகப்பட வேண்டி வந்ததே, அது என்னால்தான். நீங்கள் ஊரிடம் பாதி உண்மையைச் சொன்னீர்கள். நான் கேட்டவளிடம் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஆனையூர்ப் பைப்பில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினாள். அதைத் தாங்க முடியாமல்தான் இங்கே ஓடி வந்தேன். வந்த பிறகு, எல்லாம் உங்களால் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நீங்கள் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். மதுரை வரைக்கும் வரமாட்டேன். திருமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து கப்பலூர் போய் இருளாயியைப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னால் பெரிய மனசு என்கிறார்கள் அல்லவா, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். அவள் கூப்பிட்டால் ஆனையூருக்கு வந்து டீக்கடையிலும் சொல்வேன், கோவில் வாசலிலும் சொல்வேன்.

நீங்கள் அங்கே வர வேண்டாம். வண்டியிலும் வேண்டாம், பஸ்ஸிலும் வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் நான் மறுபடியும் உங்களைக் காப்பாற்றப் பார்ப்பேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வருவேனா, இங்கேயே திரும்புவேனா என்று இன்று எனக்குத் தெரியவில்லை. எனக்காகச் சோறு வடித்து வைக்காதீர்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாக்கியம்